மூன்றாம் வளைவில் திரும்பாத லொறி

மலையேறி வந்து மருத்துவம் பார்த்தவரே, நடமாடும் சத்திரசிகிச்சைக் கூடத்தை வரைந்தவரே, வரைந்ததைத் தன் கையாலேயே அழித்துத் திருத்தியவரே, எங்கள் டாக்டர் மஸீஹா அம்மா அவர்களே,

பதினெட்டு வருடம் உங்களோடு பட்ட பாட்டைப் பிரியாவிடை மடலாக ஒரு தாளில் எழுதச் சொல்லி, டிரைவர் ஏழுமலையாகிய என் தலையில் கட்டிவிட்டார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் போகிற தாள் என்பதற்காக நான் பொய் எழுத மாட்டேன்.

மண்சரிவு நேரத்தில் தேயிலைத் தோட்டத்துக்கே போய் அறுவை செய்ய, பெரிய லொறிக்குள் ஒரு ஆபரேஷன் தியேட்டர் வரைந்தீர்கள். "மூணாவது வளைவுல இது திரும்பாதுங்க டாக்டரம்மா" என்றேன். "பேப்பர்ல திரும்புதே, ஏழுமலை" என்றீர்கள். "அப்ப பேப்பரையே ஓட்டிட்டுப் போங்க" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பலாங்கொடைக்கு மேலே மண் சரிந்த அன்று, நீங்கள் வரைந்தபடியே கட்டிய லொறி அந்த வளைவிலேயே சிக்கியது. தோட்டத்தின் மேல் டிவிஷனில் சுவர் விழுந்து தொழிலாளி வெள்ளையம்மாவின் கால் நசுங்கிக் கிடந்தது. அவரைக் கம்பளியில் கிடத்தி, தடியில் கட்டி, நான்கு பேர் வழுக்குப் படியில் லொறிவரை சுமந்து வர மூன்று மணி நேரம். உயிர் தப்பியது, கால் போனது. "பிழை என்னோடது" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்கள். மேலிடத்து ஆள் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பிராணனை வாங்கினீர்கள். தினமும் மலையேறுகிற சின்னத் தேயிலைக் கொழுந்து லொறியை அளந்து, அதில் அடங்கும்படி தியேட்டரை நான்கு பெட்டியாக்கினீர்கள். கம்பளித் தடியை அப்படியே மாட்ட மேசையின் இரண்டு முனையிலும் கொக்கி கேட்டீர்கள். வெல்டிங் சாலி வைத்துக் கொடுக்கக் கொடுக்க, நீங்களே கம்பளியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆடுது சாலி" என்றீர்கள். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. போன மழையில் மேல் டிவிஷனிலேயே ஆறு பேருக்கு அறுவை நடந்தது. ஒரு காலும் போகவில்லை.

இப்போது நீங்கள் போகிறீர்கள். உங்கள் கதிரையில் உட்கார வருகிற புதிய ஐயா, பழையபடி பெரிய லொறிப் படத்தை மேசையில் விரித்திருக்கிறார். பேப்பரில் நன்றாகத்தான் திரும்புகிறது. நாங்கள் சொல்லி அவர் கேட்பார் என்ற நம்பிக்கை எனக்கில்லை, நீங்களே கேட்கவில்லையே.

நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் ஓய்வாக வாழுங்கள், நாளையிலிருந்து. இப்போது மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, புதிய ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூன்றாம் வளைவுக்குப் போகக் கொழுந்து லொறி வெளியே நிற்கிறது. வெள்ளையம்மா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

அன்போடும் அலுப்போடும்,
டிரைவர் ஏழுமலை, வெல்டிங் சாலி,
நடமாடும் சத்திரசிகிச்சைப் பிரிவு ஊழியர்கள்