பிரெஞ்சுக் கடற்படையில் பதினைந்து வருஷம்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஃப்ரெடெரிக்குக்கும் ஒரே தொழில். பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை பார்த்துத் தருவதாகச் சொல்லி, பெண்ணைப் பெற்றவர்களிடம் அட்வான்ஸ் வாங்குவோம். மாப்பிள்ளை பாரீஸில் இருப்பார், போட்டோவில் மட்டும் வருவார். இரண்டு பேரும் ஒரே போட்டோவைத்தான் காட்டிக்கொண்டிருந்தோம் என்பது இரண்டாயிரத்து ஐந்தில்தான் தெரிந்தது.

அதற்கெல்லாம் ஆளைக் கொல்வார்களா? எனக்குப் பொறுக்காதது வேறு. என்னிடம் ஏமாந்தவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவனிடம் ஏமாந்தவர்கள் காபி கொடுத்தார்கள். சேதராப்பட்டு ராஜாம்பாள் அவனிடம் இரண்டு தடவை ஏமாந்தவர். என்னிடமே வந்து, "தங்கமான மனுசன்யா. ஏமாத்துனாலும் சிரிக்க வச்சுட்டுதான் போறாரு. நீயும்தான் ஏமாத்துற, மூஞ்சியப் பாரு" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் பிழைப்பே ஒரு கதையில்தான் ஓடியது. பிரெஞ்சுக் கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்தானாம். கடலில் விழுந்த கேப்டனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினானாம். முடி மட்டும் கையோடு வந்துவிட்டதாம், விக்காம். குருசுக்குப்பமே விழுந்து விழுந்து சிரிக்கும். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும். நெல்லித்தோப்பில் ஒரே அறையில் குடியிருந்த காலத்தில், குடித்துவிட்டு அவனே சொல்லி அழுதிருக்கிறான்.

அதனால் நான் டைரக்டர் ஆனேன். இரண்டு மோசடிக்காரர்களின் போட்டியைப் பற்றி ஒரு சிரிப்புப் படம், ஹீரோ நீதான் என்றேன். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரையே ஏமாற்றியவன் ஒரு சொல்லுக்கு விழுந்தான். தொழில் தெரிந்தவன் இப்படியா விழுவது என்று எனக்கே வருத்தம்தான்.

கிளைமாக்ஸை முதல் நாளே வைத்தேன். கோட்டு சூட்டு, பூட்ஸோடு படகிலிருந்து கடலில் விழ வேண்டும். குருசுக்குப்பம் மொத்தமும் கரையில் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் ஃப்ரெடெரிக் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "முருகையா, இதுக்கு மட்டும் டூப்பு போட்டுக்கலாம்டா" என்றான்.

"நேவி ஆளுக்கு எதுக்குடா டூப்பு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். கரை சிரித்தது. அந்தச் சிரிப்பை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. கூட்டத்துக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் படகில் ஏறினான், பின்னாலேயே நானும்.

படகு மீன்காரர் பாவாடையுடையது, ஓட்டியதும் அவர்தான். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிறுத்தச் சொல்லி, கேமராவைத் தோளில் வைத்து, "ஆக்ஷன்" என்றேன். ஃப்ரெடெரிக் விழுந்தான்.

"சார், ஆளு நெஜமாவே முழுவுறாரு சார்" என்றார் பாவாடை.

"நடிக்கிறாருப்பா. பதினஞ்சு வருசம் நேவியில இருந்தவரு. நடுவுல குதிச்சு ஷாட்டக் கெடுத்துடாத."

நம் ஊர்க்காரர்கள் எத்தனை ஷூட்டிங் பார்த்தவர்கள். கேமரா ஓடும்போது குறுக்கே போகக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற நாளாக இருந்தால் பாவாடை யோசிக்காமல் குதித்திருப்பார். அன்றைக்குப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஃப்ரெடெரிக் மூன்று முறை மேலே வந்தான். இரண்டாவது முறை என் பெயரைச் சொன்னான். கரையில் விசில் பறந்தது, கைதட்டல் ஓயவில்லை. நாலாவது முறைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர் அடங்கிய பிறகு "கட்" சொன்னேன். பாவாடை அப்போதுதான் குதித்தார்.

கேமராவைத் திறந்து, உள்ளே பிலிம் ரோலே இல்லை என்று கண்டுபிடித்தீர்கள். நல்ல வேலை. கொன்றது நான்தான், கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும். 'பொதுமக்கள் ஃப்ரெடெரிக்குக்குக் கை தட்டினார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. அந்தக் கைதட்டல் டைரக்டருக்கு.