அந்த ‘ஹீ’ யாரு?

— கையெழுத்து அப்பறம் போடறேன் சுகிர்தா மேடம். அந்த மூணாவது வரிய மட்டும் இன்னொருவாட்டி படிங்க.

— அன்புராஜண்ணா, நாலு மணிக்கு என்கொயரி. கையெழுத்துப் போட்ட ஸ்டேட்மென்ட் பேப்பர் எங்கன்னு மேனேஜர் ரெண்டு தடவ கேட்டுட்டாரு.

— பதினோரு வருஷமா இந்த ஃபேக்டரில சரக்கு போற பெல்ட்டு ஓட்றேன். எத நீட்னாலும் படிக்காமதான் கையெழுத்து போட்டுக்கினு வந்தேன். இது ஸ்டீவனுக்குக் கை போன விஷயம். படிங்க.

— சரி. “அன்புராஜ் டோல்ட் ஸ்டீவன் தட் ஹீ ஹேட் ஸ்விட்ச்ட் ஆஃப் த பெல்ட் இன் த பேனல் ரூம்.”

— தமிழ்ல?

— ஸ்டீவன்கிட்ட அன்புராஜ் சொன்னாரு, அவரு பெல்ட்ட ஆஃப் பண்ணிட்டாருன்னு. பேனல் ரூம்ல.

— எவரு?

— அவருதான்.

— அதான் மேடம், அந்த அவரு யாரு? நானா, ஸ்டீவனா?

— ஒரு நிமிஷம்... ரெண்டு பேருமே ஆம்பள. ரெண்டு பேருக்குமே ‘ஹீ’தான். யாரா வேணா இருக்கலாம்.

— விபத்து நடந்த மறுநாள் இதே சேர்ல குந்திக்கினு நான் இன்னா சொன்னேன்? நோட்டுல எழுதிக்கினீங்களே.

— எழுதியிருக்கேன். உங்க வாயால வந்தது அப்படியே இருக்கு, பாருங்க. “ஆஃப் பண்ணிட்டேன், நீ கைய வுடுன்னு ஸ்டீவன்கிட்ட சொன்னேன்.”

— இதுல எதுனா சந்தேகம் வருதா?

— வரல. தமிழ்ல ‘ன்னு’வுக்கு முன்னாடி, பேசினவரோட வார்த்தை மாறாம நிக்குது. ‘பண்ணிட்டேன்’னா சொன்ன ஆளேதான். இங்கிலீஷ்ல ‘ன்னு’ செய்யற வேலைய ‘தட்’ செய்யுது. ஆனா ‘தட்’டத் தாண்டினதும் ‘நான்’ போயிடுது, ‘ஹீ’ ஆயிடுது. எழுதறப்போ நான் அத யோசிக்கல.

— நீங்க யோசிக்கல. மேனேஜர் யோசிச்சுட்டாரு.

— என்ன சொல்றீங்க?

— ஆபீஸ் பெருக்கற கன்னியம்மா காலைல என்னக் கூப்ட்டு சொல்லிச்சு. “ஸ்டீவன் தானேதான் ஆஃப் பண்ணான், தானேதான் கைய வுட்டான். அன்புராஜ் பேப்பர்லயே வந்துடுச்சு”ன்னு மேனேஜர் போன்ல பேசிக்கினு இருந்தாராம்.

— அப்படியும் படிக்கலாம்ண்ணா. கடைசில இருக்கற ‘இன் த பேனல் ரூம்’ எதோட சேருதுன்னும் சரியாத் தெரியல. பேனல் ரூம்ல ஆஃப் பண்ணீங்களா, இல்ல பேனல் ரூம்ல வெச்சு ஸ்டீவன்கிட்ட சொன்னீங்களா?

— ரூம்ல நின்னுக்கினு பட்டன அமுக்கினேன். ஜன்னல் வழியா கத்தினேன். ஸ்டீவன் கீழ பெல்ட்டாண்ட இருந்தான். அன்னிக்கு அவன் ரூமுக்குள்ள காலே வெக்கல.

— மேனேஜர் படிக்கறபடி பாத்தா, ரெண்டு பேரும் ரூம்லயே நின்னு பேசியிருக்கீங்க. பட்டன் ஸ்டீவன் கைக்கு எட்டற தூரத்துல இருந்திருக்கு.

— அப்படியே போச்சுன்னா ஸ்டீவனுக்கு இன்னா ஆவும்?

— அவரோட அஜாக்கிரதைன்னு முடிச்சுடுவாங்க. இனிமே வைத்தியம், செயற்கைக் கை எல்லாம் அவங்க வீட்டுப் பாடு. அவர் சம்சாரம் ஆரோக்கியமேரிதான் அலையணும்.

— எனக்கு?

— உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்கு ஷிஃப்டுக்கு வருவீங்க.

— தண்ணி இருக்குதா மேடம்?

— இந்தாங்க.

— பெரிய பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம். சின்னது பிளஸ் டூ. கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனி போனா இன்னொரு கம்பெனின்னுவாங்க. அது இருவது வயசுப் பசங்களுக்கு. நாப்பத்தாறு வயசு ஆள எவன் கூப்டுவான்?

— நான் எதுவும் சொல்லக் கூடாதுண்ணா. நீங்க சொல்றத எழுதறதுதான் என் வேலை.

— நான் அன்னிக்கு முழுசா சொல்லல.

— இன்னும் என்ன?

— ஆஃப் பண்ணேன்னு சொன்னேன். எத ஆஃப் பண்ணேன்னு சொல்லல. ஸ்டீவன் கை வுட்டது மூணாம் பெல்ட்டு. நான் அமுக்கினது நாலாம் பட்டன்.

— ஓடற பெல்ட்டுலயா அவர் கைய விட்டாரு?

— ஓடல. இரும்புத் துண்டு சிக்கிக்கினு சும்மா நின்னுச்சு, ஆஃப் பண்ண மாதிரியே. துண்ட உருவினதும் பெல்ட்டு கைய இஸ்துக்கினு போயிடுச்சு. பட்டன் மேல ஒட்டியிருந்த நம்பர் எப்பவோ அழிஞ்சுபோச்சு. ஆனா மூணாம் பெல்ட்டோட லைட்டு எரிஞ்சுக்கினுதான் இருந்திருக்கும். திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல.

— இத எழுதவா? மேல போயிடுச்சுன்னா திருப்பி வாங்க முடியாது.

— எழுதுங்க. அந்த ‘ஹீ’ வேணாம். எம்பேரப் போடுங்க.

— “அன்புராஜ், ஸ்டாண்டிங் இன் த பேனல் ரூம், ஷவுட்டட் டு ஸ்டீவன் தட் அன்புராஜ் ஹேட் ஸ்விட்ச்ட் ஆஃப் த பெல்ட். அன்புராஜ் ஹேட் ஸ்விட்ச்ட் ஆஃப் த ஃபோர்த் பெல்ட், நாட் த தேர்ட்.” பேர் மூணு தடவ வருது. படிக்க நல்லா இல்ல.

— நல்லா இல்லாட்டி போவட்டும். இப்ப யாரு படிச்சாலும் நான்தானே?

— நீங்கதான். வேற மாதிரி படிக்க வழியில்ல. நம்பர் அழிஞ்சிருந்ததையும் அடுத்த வரில சேத்துட்டேன். பிரிண்ட் வருது.

— பேனா குடுங்க. தோ, போட்டாச்சு.

— தேதியும் போடுங்க.

— போட்டேன். எளாவூர்லேந்து நானும் ஸ்டீவனும் ஒரே நாள்ல வேலைக்கு சேந்தோம் மேடம். பத்து நாளா ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பிக்கினு இருக்கேன். இன்னிக்கு உள்ள போவணும். அவன் மூஞ்சியப் பாத்து இன்னான்னு சொல்றதுன்னுதான் தெரியல.

— ஒரு நிமிஷம் உக்காருங்கண்ணா. நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஸ்டீவன் ஸ்டேட்மென்ட் நேத்தே வந்துடுச்சு.

— இன்னா சொல்லிக்கிறான்? என்னத் திட்டிக்கிறானா?

— தமிழ்ல எழுதியிருக்காரு. இடது கையால, கோணல் மாணலா, ரெண்டே வரி. “அன்புராஜ் எதுவும் சொல்லல. ஆஃப் பண்ணிட்டேன்னு நெனச்சு நானேதான் கைய வுட்டேன்.”