நூறு மில்லி தண்ணீர்

அளவுசாடியில் நீரின் மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்தே படிக்க வேண்டும். சேலையூரில் முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தபோது, எந்த மாணவரும் குனியாமல் அளவு சொல்ல நான் விட்டதில்லை. அன்றும் குனிந்துதான் படித்தேன், ஐயா. சரியாக நூறு மில்லி.

என் மகன் ஸ்ரீவத்சன், அதிவேகக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்திருந்தான். இப்போதைய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதைத் தாங்குவதற்காக, ஜெபின் அதன் ரப்பர்க் குழாய்களையெல்லாம் மாற்றிக் கொடுத்தான். கேம்ப் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன்; என்னிடம் படித்தவன்.

"பயப்படாதீங்க டீச்சர். சும்மா ஓட்றதுக்கு இந்தப் பெட்ரோலே போதும். ரேஸ் அன்னிக்கு மட்டும் எத்தனால் கலக்காத ஒசத்திப் பெட்ரோலு ஃபுல் டேங்க் போட்டுக்கட்டும். குதிரை மாதிரி போவும்."

"குதிரையிலயும் அம்மா ஏற மாட்டா, ஜெபின்," என்றான் என் மகன். இருவரும் சிரித்தார்கள்.

ஞாயிறன்று அவன் பந்தயத் தடத்துக்குப் போவதாக இருந்தது. வேண்டாம் என்று இருமுறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும் வழக்கம் எனக்கில்லை. எத்தனால் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால், நீரோடு சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். பிறகு எஞ்சின் ஓடாது. கால் தொட்டிப் பெட்ரோலுக்கு நூறு மில்லி போதுமென்று கணக்கிட்டு, சனிக்கிழமை காலை அவன் குளிக்கும்போது ஊற்றினேன். தெருமுனையிலேயே வண்டி நின்றுவிடும் என்று எண்ணினேன்.

நிற்கவில்லை. நான் போட்டது எத்தனால் பத்தில் ஒரு பங்காக இருந்த காலத்துக் கணக்கு. இருபது விழுக்காட்டில் அந்த நீர் முழுவதும் கரைந்துவிட்டது. மறுநாள் அவன், ஜெபின் சொன்னபடியே, எத்தனால் இல்லாத பெட்ரோலால் தொட்டியை நிரப்பினான். எத்தனாலின் விகிதம் குறைந்தது, நீர் பிரிந்தது. புறவழிச் சாலையின் நடுவே எஞ்சின் நின்றது. பின்னால் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. கார் எரிந்துபோனதால், தொட்டியில் சோதிக்க எதுவும் மிஞ்சவில்லை. இந்தக் கணக்கை மருத்துவமனை நடைவழியில் அமர்ந்து திருத்திப் பார்த்தேன்.

மகனின் உயிருக்கு அஞ்சிச் செய்தேன் என்று முதலில் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். என்னைக் கேளாமல் ஒரு பொருள் என் வாசலுக்கு வந்தது. அதைப் பொறுக்க முடியவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் காரணம்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மாலை, ஜெபின் வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசற்படியிலேயே நின்றான்.

"நான்தான் டீச்சர் கொன்னுட்டேன். நான் சொன்ன பெட்ரோலைத்தான் போட்டான். எங்கியோ எதையோ தப்பா மாட்டிருக்கேன். எதுன்னே தெரியலை."

நான் மறுக்கவில்லை. உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டதாகச் சொன்னான். மறுநாள் உங்கள் காவல் நிலையத்துக்கு அவனே வந்து, குற்றத்தை ஏற்றுக்கொண்டான். அவனை விடுவித்துவிடுங்கள். நீரை ஊற்றியவள் நான்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. அன்று மாலை, விம்மிக்கொண்டிருந்தவனின் தலைமேல் கைவைத்து, "உன்னை மன்னித்துவிட்டேன், ஜெபின்" என்றேன். அப்படிச் சொன்னபோது என் மனம் உண்மையாகவே இளகியிருந்தது, ஐயா.