ஆப்பிள் கொட்டகையில ஒரு படகு

இல்ல நிக்கோடிமண்ணே, படகுல மீன் வாடையெல்லாம் வராது. சாம்பல் போட்டு மூணு தடவ தேய்ச்சுட்டேன். உங்க ஆப்பிளுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தக் காலிப் பெட்டிங்களுக்குப் பின்னாடி கவுத்துப் போட்டுருங்க, அது பாட்டுக்குக் கெடக்கும். இந்தக் குளிர்காலம் மட்டும்தான்.

ஏரிக்கரையிலயா? வச்சுப் பாக்காமயா இவ்வளவு மேட்டுக்கு ஏறி வந்திருக்கேன்? போன வருஷம் எங்க கொட்டகையிலதான் போட்டுப் பூட்டுனேன். எங்க வீட்டுக்காரர் ஸ்பிரோ கதவையே கழட்டி வச்சுட்டாரு. என்னையே சில நாள் நீ யாரும்மான்னு கேக்குறாரு, கீல் கழட்ட மட்டும் மறக்கல பாருங்க. அப்புறம் கோயில் கிடங்குல வச்சேன். பாதிரியார்கிட்டப் போய்ச் சிரிச்சுப் பேசிச் சாவிய வாங்கிட்டு வந்துட்டாரு. பாதிரியாரச் சொல்லி என்ன செய்ய? ஸ்பிரோ பாக்க நல்லாத்தானே இருக்காரு.

பிப்ரவரியில நடந்தது உங்களுக்குத் தெரியாதா? கரையெல்லாம் உறைஞ்சு கெடக்கு. அது மேலயே படகத் தள்ளிக்கிட்டுப் போயிருக்காரு. பனி உடைஞ்சு இடுப்பளவு தண்ணியில நின்னவர, நாணல் அறுக்கப் போனவங்கதான் இழுத்துப் போட்டாங்க. கால்ல விறைச்சுக் கறுத்துப்போன ரெண்டு விரல எடுத்தாச்சு. எடுத்தது ஞாபகம் இல்ல அவருக்கு. தெனமும் காலுறையக் கழட்டி எண்ணி எண்ணிப் பாக்குறாரு.

விக்கிறதா? நம்ம ஊர்ல யார் வாங்குனாலும் அதே கரையிலதானேண்ணே நிக்கும்? உடைச்சுடலாம்னு கோடாலியும் எடுத்தேன். பொம்பள நீ எதுக்கு வெட்டுறேன்னு பிடுங்கிட்டுப் போய், ஒரு வாரத்துக்கு விறகு பொளந்து போட்டாரு. அதுக்கப்புறம் கை வரல.

சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா, அவர் கெஞ்சுறதப் பாத்துட்டு நானே குடுத்துருவேன்.

எங்க போறாரா? மறுகரைக்குத்தான். எங்க லென்கா அங்க ஆப்பிள் பறிக்கப் போயிருக்காளாம், இருட்டுறதுக்குள்ள கூட்டிட்டு வரணுமாம்.

ஆமாண்ணே, ஒம்பது வருஷம் ஆச்சு. சவப்பெட்டிக்கு நீங்களும்தானே தோள் குடுத்தீங்க, மறப்பேனா? சொல்லாம இருக்கேனா? தெனம் காலையில சொல்றேன், நம்ம பொண்ணு செத்துட்டாய்யான்னு. அப்பத்தான் சேதி வந்த மாதிரி விழுந்து அழுவாரு. மத்தியானத்துக்குள்ள மறந்துரும். மறுநாள் மறுபடி சொல்லணும். இனி என்னால ஆகாதுண்ணே.

கரையில படகு இல்லேன்னா, லென்காதான் எடுத்துட்டுப் போயிருக்கா, பனி விட்டதும் வந்துருவான்னு சொல்லிடலாம்ல.

பனி விட்டா என்ன சொல்றதுன்னு இன்னும் யோசிக்கல. வண்டி வெளியதான் நிக்குது. நீங்க ஒரு பக்கம் பிடிங்கண்ணே.