வாயைப் பார்த்துச் சொன்ன கணக்கு

ரெஜினா, இதை யாருக்கும் காட்டிவிடாதே, உன் அம்மாவுக்குக்கூட. நாளை ஆண்டு விழாவில், தலைமையாசிரியை எழுதிக் கொடுத்த பேச்சை விட்டுவிட்டு இதைத்தான் பேசப்போகிறேன். பாதியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால் நீ எழுந்து வாசி.

அவையில் இருக்கும் பெரியவர்களே, வெயிலில் அலுத்துப்போய்த்தான் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு சின்னக் கதை, அவ்வளவுதான்... கேட்கிறீர்களா?

நம் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் செல்வராணி என்று ஒரு பிள்ளை. அவளைப் போல் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, சாயங்காலம் எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிறார் ஜெபா அக்கா. பகலெல்லாம் பஞ்சாலையில் நின்றுவிட்டு நேராக இங்கே வருவார்.

வகுப்பில் டீச்சர் பாதி சொல்ல, பிள்ளைகள் மீதியைச் சொல்வது நமக்கெல்லாம் பழக்கம்தானே? அக்காவுக்கும் அதே பழக்கம். எதிரே உட்கார்ந்து கேட்பார்.

"எட்டும் அஞ்சும்... பதி...?"

"பதிமூணு."

வாசிப்பும் அப்படித்தான். எல்லாம் சரி. செல்வராணி தேறிவிட்டாள் என்று பள்ளியிலிருந்து மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் அக்காவுக்குத் தலைவலி. துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி கேட்டார்.

"எட்டும் அஞ்சும் எத்தனை குட்டி?"

செல்வராணி அந்தத் துண்டையே பார்த்தாள்.

"என்ன, தூங்கிட்டியா?"

"அக்கா... துண்டை எடுங்க."

"எதுக்கு?"

"உங்க வாய் தெரியலக்கா."

"ஏன்டி, உன் வாய் பத்தாதா? என் வாயும் வேணுமா?" என்று சிரித்த அக்கா, அப்படியே நிறுத்திவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை கணக்கைப் பார்க்கவில்லை... விடைக்குத் தானாகக் குவியும் உதட்டைப் பார்த்திருக்கிறது.

அன்றிலிருந்து அக்கா எதிரே உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் புளியங்கொட்டை. மறுபடி ஒன்றிலிருந்து...

தலைமையாசிரியை பார்த்துவிட்டார். "தேறிட்டாள்னு மேல சொல்லியாச்சு ஜெபா. திரும்ப ஒண்ணு ரெண்டா? விழா முடிஞ்சதும் அவ வர வேண்டாம்."

"சரிங்க டீச்சர்." வேறென்ன சொல்வார்? வாதாட அக்காவுக்குத் தெம்பு இல்லை.

இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா?

கொஞ்ச நேரத்தில் செல்வராணியை இந்த மேடையில் நிறுத்திக் கணக்குக் கேட்பீர்கள். எதிரே நின்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவாள். கைதட்டுவீர்கள். அந்தக் கைதட்டலோடு அவள் படிப்பு நின்றுவிடும்.

அதனால், கணக்குக் கேட்க வந்திருக்கும் ஐயா... அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வராது. வராமல் இருக்கட்டும். தெரியாது என்று ஒரு பிள்ளை சொன்னால்தானே நாம் சொல்லிக்கொடுக்க முடியும்? தெரியும் தெரியும் என்று நாமே சொல்லி, அவள் வாயை அடைத்துவிட்டோம். அந்தச் சாயங்காலத்தை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள். அவளுக்கு இன்னும்

ரெஜினா, யாரோ கதவைத் தட்டு