பச்சை எரிகிறவரை

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. மொட்டைமாடிக்குப் போனால்தான் போன் பேச முடியும். வயர்லெஸ்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர் வீட்டு லட்சணத்தைப் பாருங்கள் என்று என் மனைவி வைஷ்ணவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை. உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் சார், நிதானமாகவே சொல்கிறேன்.

நான் இன்ஜினியரிங் கல்லூரி வாத்தியார். செல்போன் எட்டாத கடலிலிருந்து நாட்டுப்படகுக்காரர்கள் கரைக்குச் செய்தி அனுப்ப ஒரு சின்னக் கருவி, அதுதான் என் ஆராய்ச்சி. அனுப்பிய கட்டுரையெல்லாம் திரும்பி வந்தது. எவ்வளவு தூரம் எட்டும் என்று அளந்து காட்டவில்லையே என்பார்கள். எனக்காக அவ்வளவு தூரம் எவன் டீசல் போட்டுப் போவான்? என்னோடு சேர்ந்தவர்களெல்லாம் புரொபசர் ஆகிவிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டுரை ஒன்றுதான் பாக்கி.

மணமேல்குடியில் என் அக்கா காத்தாயியின் வீட்டுக்காரர் ராக்கன் மச்சான்தான் முதலில் தன் படகில் கருவியைப் பூட்ட விட்டார். மற்றவர்கள் கேலி செய்தபோது, "எங்க மாப்ள செஞ்சது, சும்மாவா இருக்கும்" என்றார்.

ஆபத்தென்றால் பொத்தானை அழுத்த வேண்டும், படகு இருக்கும் இடத்தைக் கருவி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கரையில் எனக்குக் கேட்டுவிட்டால் அங்கிருந்து பதில் போய்ப் படகில் பச்சை விளக்கு எரியும். படகில் தண்ணீர் ஏறினால் காலி கேனைக் கட்டிக்கொண்டு, கண்ணில் படுகிற படகை நோக்கி நீந்துவது அந்த ஊர் வழக்கம். அதை மாற்றியது நான். பச்சை எரிந்தால் உதவி வருகிறது, யாரும் இறங்கக் கூடாது, தேடி வருகிறவர்களுக்குப் படகுதான் அடையாளம் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

ஆடி மாசம், ஒரு மத்தியானம். மணமேல்குடிக் கரையில் ரிசீவர் வைத்திருந்த அறையில் இருந்தேன். மச்சான் பொத்தானை அழுத்தினார். இன்ஜின் நின்று, மேல்காற்றில் படகு வெளிக்கடலுக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. மீட்புப் படகைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், நான் இதுவரை அளக்காத தூரத்தைப் படகு தாண்டிக்கொண்டிருந்தது. சிக்னல் சுத்தமாக வந்தது. மிதக்கத்தானே செய்கிறது, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று போனைக் கீழே வைத்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். பச்சையை நிறுத்தினால் கருவி அனுப்புவதும் நின்றுவிடும், அதனால் நிறுத்தவில்லை. காற்று கூடியது தெரிந்தது. ஜன்னல் படபடவென்று அடித்தது, எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சிக்னல் அறுந்த பிறகுதான் கூப்பிட்டேன். இப்போதுதான் அலாரம் வந்தது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கூடப் போன அழகுமலை மட்டும் பிழைத்தான். பச்சை எப்போது எரிய ஆரம்பித்தது என்று அவன் சொன்னதும் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும், வரத்தான் வேண்டும். தூரத்தில் ஒரு விசைப்படகு தெரிந்ததாம். நீந்திவிடலாம் என்று அவன் கெஞ்சியிருக்கிறான். மச்சான் அசையவில்லை.

"பச்சை எரியுதுடா. மாப்ளைக்குக் கேட்டுருச்சு. ஆள் அனுப்பியிருப்பாரு."

அழகுமலை என் பேச்சை மீறிக் குதித்தான், அதனால் இருக்கிறான். இதைச் சொல்லி அவன் அழுதபோது நானும் அழுதேன். அது நடிப்பில்லை சார். மச்சானைப்போல என்னை நம்பியவர் இந்த உலகத்தில் இல்லை. இன்றைக்கும் மீன்குழம்பு வைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கட்டுரை வந்துவிட்டது. தூரத்தில் ஒரு மீட்டர்கூடக் கூட்டிப் போடவில்லை. முதல் நன்றி மச்சானுக்குத்தான். புரொபசரும் ஆனேன்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிடாமல் எழுந்தவனை உட்காரவைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தாள். "அவுக தனியாப் போகலல்ல தம்பி? கடைசி மட்டும் நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த?" என்றாள். அந்த ஒரு நினைப்பில்தான் அவள் உயிரோடு இருக்கிறாள்.

ஆமாக்கா என்றேன். அதில் பொய்யில்லை சார். ஒரு துடிப்பைக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.