நல்ல மண்ணைக் கொண்டுவராதீர்கள்

பேசியே தீருவேன் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்குப் பணிந்து தலைமையேற்றிருக்கும் நம் காய்கறி விளைவிப்போர் சங்கத் தலைவர், அன்பு அண்ணன் அவர்களே! ஆய்வுக்கூடத்து அடுப்பின் வெக்கையை விட்டு இந்தக் கொட்டகையின் வெக்கைக்கு வந்து சேர்ந்திருக்கும் மண் ஆய்வாளர் அம்மையார் அவர்களே! நான் எங்கே தவறாகப் பேசுவேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கைக்குழந்தையோடும் கைவேலையோடும் வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் மூட்டை நிறுக்கும் தராசின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! இறங்குங்கள் தம்பி, அந்தத் தராசு ஏற்கெனவே உண்மை பேசுவதில்லை. உங்கள் அனைவருக்கும் இந்த மாவு மில்காரியின் மனமார்ந்த வணக்கம்.

என் அக்காவும் முன்வரிசையில்தான் இருக்கிறாள். உங்களுக்குத் தெரியும், மலைச்சரிவுக்கு நேர் கீழே இருக்கிற வயல் அவளுடையது. கொஞ்ச நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. அதனால் அவளுக்குத் தனியாக ஒரு வணக்கம். முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பாருங்கள். பரவாயில்லை, காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

என்ன சொல்கிறார் அங்கே? "உனக்கென்ன நிலமா நீச்சா, மண்ணைப் பத்திப் பேச வந்துட்டே" என்கிறாரா? நல்ல கேள்வி! எனக்கு ஒரு சாண் நிலம் கிடையாது ஐயா. ஆனால் உங்கள் சோளமும் மிளகாயும் மூட்டையாக வந்தால்தான் என் இயந்திரம் ஓடும், இயந்திரம் ஓடினால்தான் என் வீட்டு உலை கொதிக்கும். முன்பெல்லாம் என் மில் வாசலில் இடம் போதாமல் சாக்குகள் தெருவரைக்கும் நிற்கும். இப்போது அந்த வாசலில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. உங்கள் மண் மெலிந்தால் நான் மெலிவேன். என் உடம்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பேச்சுக்குச் சொன்னேன்.

அன்பு நெஞ்சங்களே! நம்முடைய மழை எப்படிப்பட்ட மழை? தூறிவிட்டுப் போகும் மழையா? வானமே பொத்துக்கொண்டதுபோல் கொட்டித் தீர்க்கும் மழை! நம்முடைய வெயில் எப்படிப்பட்ட வெயில்? நிலத்தை வறுத்தெடுக்கும் வெயில்! இந்த மழைக்கும் இந்த வெயிலுக்கும் நடுவில் மண்ணுக்குத் துணை நின்றது எது? மரம். மரம் நின்றவரை மழையின் அடியை இலை வாங்கியது. மரம் போனது, அந்த அடி மண்ணின் மேல் விழுந்தது. அடி வாங்கிய மண் என்ன செய்தது தெரியுமா? நிறம் மாறியது! இலை மக்கிக் கறுத்திருந்த மேல்மண் கரைந்து ஓடியது, அடியில் கிடந்த செம்மண் வெளியே தெரிந்தது. இறுகியது! குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் குடிக்க மறுத்தது. அந்தத் தண்ணீரெல்லாம் ஓடிவந்து கீழ் வயல்களில் தேங்க, அங்கே மண் சாம்பல் பூத்து, துருப்பிடித்த தகரம்போலப் புள்ளி புள்ளியாக நிற்கிறது. மண் எதை மறைத்தது? ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்தது யார்? நாம்தான்!

கசக்கிறதா? கசக்கட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கிற அந்த மொட்டைச் சரிவைக் கல்லுடைக்கக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், நாம் எல்லோரும் ஒன்றுகூடி மனு கொடுத்தோம். கல் உடைக்காதீர்கள், மரம் வளர விடுங்கள், சரிவு மொட்டையானதால் எங்கள் மண் கெடுகிறது என்றோம். மேலிடத்தில் நியாயமாகத்தான் கேட்டார்கள். "கெட்டுப்போச்சா? சரி, ஆளுக்கொரு பை மண் கொண்டுவாங்க, பார்ப்போம்."

கொண்டுபோனோமே! அடேயப்பா, கொண்டுபோனோமே!

ஒருவர் எருக்குழி ஓரத்தில் அள்ளினார். ஓர் அத்தை, மண்ணில் கல் கிடந்தால் மரியாதையாக இருக்காது என்று என் மில்லில் சல்லடையை இரவல் வாங்கிப்போய்ச் சலித்து, மாவுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தச் சல்லடை இன்னும் திரும்பி வரவில்லை அத்தை! ஒரு மாமாவுக்குத் தன் வயல் மண் எடுப்பாகத் தெரியவில்லை. சகலை வயலில் போய் அள்ளிவிட்டார். அந்தச் சகலைக்கோ தன் மண்ணே திருப்தியில்லை. அவர் நாற்றுப் பண்ணையில் தொட்டி மண் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள், புத்தி மட்டும் வேறாகவா இருக்கும்?

என் அக்கா என்ன செய்தாள்? சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேருகிற ஒரு முழ இடம். காய்கறித் தோலும் எச்சிலும் விழுந்து விழுந்து மிளகாய்ச் செடி அங்கே காடாக நிற்கும். அந்த மண்ணைப் பையில் போட்டுக் கொடுத்தாள். "ஏன்க்கா, வயல்ல எடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "போடி இவளே, முன்னப்பின்னத் தெரியாதவங்க கையில அந்த வறட்டு மண்ணையா குடுக்கச் சொல்றே? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றாள்.

என்ன நினைத்தார்கள்? ஆய்வுக்கூடத்தில் நம் மண்ணைத் தட்டுத் தட்டாகப் பரப்பி உலர்த்தினார்கள். நிறம் பார்த்தார்கள். புளிப்பும் உப்பும் பார்த்தார்கள். அதில் மக்கிய சத்து எவ்வளவு என்று எரித்து நிறுத்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன எழுதினார்கள்? "மண் மிகச் சிறப்பாக உள்ளது!" கை தட்டாதீர்கள், கை தட்டுகிற சேதியா இது? மண் சிறப்பாக உள்ளதால் சரிவினால் கேடில்லை. கேடில்லாததால் மனு தள்ளுபடி. நம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டோம், மலையைக் கோட்டை விட்டோம்.

உங்களை ஒன்று கேட்கிறேன் தாய்மார்களே! அம்மாவுக்குக் காய்ச்சல். ரத்தம் எடுக்க ஆள் வருகிறார். "அம்மா ரத்தம் பார்க்க நல்லா இருக்காதுங்க. எங்க தம்பி நல்லாச் சாப்பிட்டு வளர்ந்தவன், அவன் கையில குத்துங்க" என்று சொல்வீர்களா? சொன்னால் அம்மா பிழைப்பாளா? ஆய்வாளர் அம்மா, நீங்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொடுத்த பையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டீர்களே, ஒரு நடை வந்து தோண்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா? தலையாட்டுகிறார். பெருந்தன்மை! மேலிடத்தில் சண்டை போட்டு இன்னொரு சோதனைக்கு நாள் வாங்கி வந்தவரும் அவர்தான். அதற்காகவாவது இப்போது தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்.

இதோ, மேசைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர். இரண்டிலும் தண்ணீர். அண்ணா, தாகமென்றால் வேறு கேளுங்கள், இதைக் குடித்துவிடாதீர்கள்! இந்தக் கட்டி, சரிவின் அடிவாரத்தில் எடுத்தது. போடுகிறேன். முன்னால் இருப்பவர்கள் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். பார்த்தீர்களா? பொலபொலவென்று உதிர்கிறது, டீபோலக் கலங்கிவிட்டது. மழை வந்தால் நம் வயலுக்கு நடப்பது இதுதான். இனி இந்தக் கட்டி. இது எங்கே எடுத்தது? அதே சரிவில்தான்! குடிதண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஆடு மாடு வரக்கூடாதென்று வேலி போட்டார்களே, அந்த வேலிக்குள்ளே. போடுகிறேன். கரைகிறதா? கரையவில்லை. குலைகிறதா? குலையவில்லை. பிள்ளைபோலச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது!

யார் அங்கே உரம் போட்டது? யாருமில்லை. யார் நட்டது? யாருமில்லை. நாம் கை வைக்க முடியாதபடி ஒரு வேலி நின்றது, அவ்வளவுதான். விதை தானாக விழுந்தது, செடி தானாக வந்தது, இலை உதிர்ந்தது, மக்கியது, சிவந்து கிடந்த மண் மறுபடியும் கறுக்கத் தொடங்கிவிட்டது! அங்கே தோண்டியபோது ஆய்வாளர் அம்மா "ஐயோ, இங்க பாருங்க" என்று கத்தினார். பாம்பென்று நினைத்து நான் பாதித் தூரம் ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மண்புழு! கொழுகொழுவென்று மண்புழு! ஒரு புழுவைப் பார்த்து என் கண் கலங்கியது அன்றைக்குத்தான். கெட்டதைச் சொல்லிக்கொடுக்கும் மண், தேறிவருவதையும் சொல்லிக்கொடுக்கும். நம் கண்ணெதிரே ஒரு துண்டு தேறிவிட்டது. சரிவு முழுக்கத் தேறாதா? விட்டால் தேறும். விடச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

நாளை காலை ஆய்வுக்காரர்கள் கருவிகளோடு வருகிறார்கள். இந்த முறை அவர்களே தோண்டுவார்கள். ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரர் காட்டுகிற இடத்தில்தான் தோண்டலாம் என்பது விதி. ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன். உங்கள் நல்ல மண்ணை மட்டும் காட்டாதீர்கள்! நடுத்தரத்தையும் காட்டுங்கள், வெட்கப்பட்டு மூடிவைத்த மண்ணையும் காட்டுங்கள். செம்மண் பல்லிளிக்கும் இடத்தைக் காட்டுங்கள். தண்ணீர் நின்று நாறும் மூலையைக் காட்டுங்கள். உள்ளதை உள்ளபடி காட்டுங்கள்!

முணுமுணுப்பு கேட்கிறது. "கெட்ட மண்ணுன்னு பேர் வந்துட்டா நாளைக்கு நிலத்தை எவன் வாங்குவான்?" என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. அந்தப் பயம் எனக்கும் புரியும், ஏனென்றால் அது என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் அக்கா வயலை விற்க முடிவு செய்துவிட்டாள். சரிவிலிருந்து இறங்கும் கல்லும் சகதியும் அவள் நட்டதையெல்லாம் மூடி மூடி, அவளுக்கு அலுத்துவிட்டது. வாங்க ஆளும் வந்தாயிற்று. இந்த நேரத்தில் அவள் வயலின் நோவை ஊரறியச் சொன்னால் விலை போகுமா? சொல்லாவிட்டால், சரிவு கெடுத்தது என்று நாம் காட்டுவதற்கு வேறு வயல் உண்டா? அதிகம் அடிபட்ட வயல் அவளுடையதுதானே! இதைச் சொல்லப் போய்த்தான் எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. அக்கா, உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை. வயல் உன்னுடையது, வியர்வையும் உன்னுடையது. நீ வேண்டாமென்றால் அங்கே ஒரு மண்வெட்டியும் விழாது. இதை நான் முன்பே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

என்ன? எழுந்துவிட்டாள். பெரியோர்களே, தயவுசெய்து அமைதி. அவள் போகட்டும், வழி விடுங்கள். என்ன, போகவில்லையா? பேசுகிறாளா? இந்த மைக் அங்கே வரைக்கும் வராதே. அக்கா, நீ சொல்லு, நான் சொல்கிறேன்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. என் அக்கா சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொல்கிறேன். "நாளைக்கு முதல்ல என் வயலுக்கு வாங்க. மேல் வரப்புக்குக் கீழே, கடப்பாறை எறங்காத எடம் இருக்கு, அங்கயே தோண்டுங்க. நெலத்தை வாங்க வர்றவரையும் அந்த நேரத்துக்கே வரச் சொல்லிட்டேன். மூடி மறைச்சு வித்துட்டுப் போயிட்டா, அந்த மனுஷன் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து அதுல என்ன பண்ணுவாரு?"

கொஞ்சம் பொறுங்கள். கண்ணில் மாவு விழுந்துவிட்டது, துடைத்துக்கொள்கிறேன்.

அதோ, அத்தை எழுந்து நிற்கிறார். கீழ் மூலையில் சாம்பல் மண் இருக்கிறதாம், சலிக்காமல் காட்டுகிறாராம். மாமா, நீங்களும்? சொந்த வயலா? சந்தோஷம்! தலைவர் அண்ணனும் கையைத் தூக்குகிறார். எழுந்து நிற்பவர்களை எண்ணிச் சொல்ல எனக்கு இப்போது கண் தெளிவாகத் தெரியவில்லை. இந்த உண்மையைச் சுமந்துபோய் மேலிடத்தின் மேசைமேல் வைப்போம். மண்ணே வந்து சாட்சி சொல்லும்போது தள்ளுபடி என்று சொல்ல எந்தக் கைக்குத் துணிவு வரும், பார்த்துவிடுவோம்!

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், நடுநடுவே திட்டிய நண்பர்களுக்கும், குழந்தையை அழவிடாமல் காத்த தாய்மார்களுக்கும், நமக்காக வாதாடிய ஆய்வாளர் அம்மையாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. காலையில் வயலில் சந்திப்போம். எல்லோருக்கும் வணக்கம். அக்கா, நீ அங்கேயே நில்லு. நான் இறங்கி வர்றேன்.